கல்லூரி இல்லை எண்டு ஒரு கடிதம்

எனக்குக் கோவம் வந்தால் முதலில காது சுடும். மே மாசம் அந்த ஈமெயிலை வாசிக்கேக்கை சுட்டது. இண்டைக்கு இதை எழுதேக்கையும் சுடுது. எழுதி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் எனக்கு ஆறுதல் சொல்ல வரவேண்டாம்.

விசயம் இதுதான். கனடாவில, ஸ்காபரோப் பக்கம் ஒரு கொலிஜில நான் முன்பள்ளிக் கல்வியில ரெண்டு வருச டிப்ளோமா செய்தனான். அதை வைச்சு மல்வேர்னில ஒரு டேகெயரில ஆறு வருசமா வேலை. மூண்டு வயசு, நாலு வயசுப் பிள்ளையள். எனக்குப் பள்ளிக்கூட ரீச்சரா வரவேணும் எண்டு ஆசை. அதுக்கு டிப்ளோமா காணாது, கம்பஸில, அதாவது பல்கலைக்கழகத்தில, டிகிரி எடுக்கவேணும். டிகிரி நாலு வருசம். ஆனால் கொலிஜில முடிச்ச பாடங்களுக்கான கிரெடிற்றுகளைக் கம்பஸ் ஏற்றுக்கொண்டால் அதில ரெண்டு வருசம் கழியும், நேரை மூண்டாம் வருசத்துக்குப் போய் இருக்கலாம்.

எனக்கு அந்த ரெண்டு வருசம்தான் கணக்கு. என்ரை மனிசன் பாண் பக்ரரியில வேலை. ரெண்டு வருசத்துக்குச் சனி ஞாயிறும் சேர்த்துச் செய்யிறன், நீர் படியும் எண்டு சொல்லிப்போட்டார். டேகெயரில ரெண்டு வருசத்துக்கு அரைநேரம் நிக்க விட்டினம். வீட்டில பள்ளிக்கூடம் போற பிள்ளையள் ரெண்டு பேர். எனக்கு வயசு நாப்பத்திரண்டு. ரெண்டு வருசம் எண்டால் எல்லாரும் பல்லைக் கடிச்சுக்கொண்டு நிப்பம். நாலு எண்டால் ஏலாது. ஆசையை மூட்டை கட்டி வைச்சிட்டுப் பேசாமல் வேலைக்குப் போகவேண்டியதுதான்.

அந்த டிப்ளோமாவை நான் கடையில வாங்கேல்லை. விடியக்காலமை பிள்ளையளைக் கொண்டுபோய் விட்டிட்டு, ரெண்டு பஸ் மாறி, பத்தொன்பது வயசுப் பெட்டையளுக்கு நடுவில போய் இருந்து படிச்சனான். இங்கிலிசில கட்டுரை எழுதிக்கொண்டு போனால் அரைவாசி சிவப்பா வரும். திருப்பி எழுதுவன். கிழமையில ரெண்டு நாள் ஒரு டேகெயரில பயிற்சி, அதுவும் சம்பளம் இல்லாமல். ஒரு பிள்ளை ஏன் கடிக்குது, ஒரு பிள்ளை ஏன் பேசாமல் மேசைக்குக் கீழை போய் இருக்குது எண்டு குறிப்பு எழுதி எழுதிக் கை ஓய்ஞ்சுபோச்சு. நியூ ஜெர்சியில இருக்கிற மச்சாள் சொல்லுவாள், அங்கை உந்த ரெண்டு வருசப் படிப்பை அசோசியேற் டிகிரி எண்டுதான் சொல்லுறதாம். பேரிலயே டிகிரி எண்டு கிடக்கு. இஞ்சை வெறும் டிப்ளோமா. ஒரு கலியாண வீட்டில, கொலிஜில படிக்கிறன் எண்டு சொல்லப்போக ஒரு அன்ரி, "என்ன பிள்ளை, உமக்கு இன்னும் பள்ளிக்கூடம் முடியேல்லையோ?" எண்டு கேட்டவ.

அன்ரியில பிழை இல்லை. எங்கடை ஊரில கல்லூரி எண்டால் பள்ளிக்கூடம். பாலர் வகுப்பில சேர்ந்து பள்ளிக்கூடக் கடைசிச் சோதினையான ஏஎல் எடுத்து வெளியில வரும் வரைக்கும் ஒரே இடம், அதின்ரை பேர் கல்லூரி, இங்கிலிசில கொலிஜ். அதுக்குப் பிறகு போறது கம்பஸ். கனடாவில கொலிஜ் எண்டால் பள்ளிக்கூடம் முடிச்ச பிறகு போற இடம். இது எனக்கு வடிவாத் தெரியும். இஞ்சை ஒரு கொலிஜில ரெண்டு வருசம் குந்தியிருந்து படிச்ச எனக்குத் தெரியாமல் இருக்குமோ? தெரிஞ்சும் பிழை விட்டன். அதைத்தான் இப்ப சொல்லப்போறன்.

போன தை மாசம் கம்பஸுக்கு ஒன்லைனில விண்ணப்பம் போட்டன். எங்கடை சனத்துக்குப் படிவம் எண்டால் ஒரு பயம் கிடக்கு. ஒரு திகதி மாறினால், இருந்த ஊர் ஒண்டு விட்டுப்போனால், பொய் சொல்லிப்போட்டான் எண்டு திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு நடுங்கி நடுங்கி நிரப்பிப் பழகின ஆக்கள். மனிசன்தான் அகதியா வந்தவர், நான் அவரைக் கட்டி ஸ்பொன்சரில வந்தனான். ஆனால் அந்தப் பயம் எங்கடை வீட்டில எல்லாருக்கும் பொது. படிவத்தில ஹை ஸ்கூலுக்கு ஒரு பக்கம் இருந்தது. வயசு கூடின ஆக்கள் அதை நிரப்பத் தேவையில்லை எண்டு போட்டிருந்தது, விட்டிட்டன். அடுத்த பக்கத்தில, இதுவரைக்கும் நீங்கள் படிச்ச கொலிஜ், கம்பஸ் எல்லாத்தையும் எழுதவும் எண்டு இருந்தது. கீழை தடிச்ச எழுத்தில, ஒண்டை மறைச்சாலும் அனுமதி ரத்து.

மனிசன் பின்னால நிண்டு பாத்துக்கொண்டிருந்தவர். "இஞ்சேருமப்பா, ஊரில படிச்சதையும் போடும். பேந்து ஏன் ஒளிச்சனீர் எண்டு கேப்பினம்," எண்டார்.

போட்டன். ஸ்காபரோக் கொலிஜுக்குக் கீழை, யாழ்ப்பாணத்தில நான் படிச்ச பெண்கள் கல்லூரியின்ரை முழுப் பேரையும் போட்டன். சேர்ந்த வருசம், விட்ட வருசம், எல்லாம் சரியா. எழுதேக்கை எனக்கு ஒரு சந்தோசப் புளுகமும் இருந்தது, அதையும் மறைக்கேல்லை. அந்தப் பேரை இங்கிலிசில எழுதி எத்தினை வருசம்.

மே மாசம் கம்பஸில இடம் கிடைச்சுது. ரெண்டு நாளால இன்னொரு ஈமெயில் வந்தது. உங்கடை கிரெடிற் கோப்பை நிறுத்தி வைச்சிருக்கிறம். யாழ்ப்பாணத்துக் கொலிஜில நீங்கள் எடுத்த பாடங்களையும் பெறுபேறுகளையும் அந்தக் கொலிஜே உறை ஒட்டி நேரை எங்களுக்கு அனுப்பவேணும். அது வரும் வரைக்கும் மற்ற டிப்ளோமாவையும் பாக்கமாட்டம்.

நான் அண்டைக்கே பதில் எழுதினன். அது பள்ளிக்கூடம், பேர்தான் கொலிஜ், என்ரை பிழை, தயவுசெய்து அதை வெட்டிவிடுங்கோ எண்டு. மூண்டு கிழமையால பதில். நீங்களே அறிவிச்ச ஒரு படிப்பை நீங்களே வெட்டேலாது. அது கொலிஜ் இல்லை எண்டால், இல்லை எண்டு அந்தக் கொலிஜ் எழுத்தில தரவேணும்.

இதை வாசிச்சிட்டு மனிசன் சிரிச்சார். ஒரு பார்வை பாத்தன், சிரிப்பு நிண்டுது.

என்னோட படிச்ச ஒருத்தியிட்டை எங்கடை கல்லூரி அதிபரின்ரை நம்பர் இருந்தது. காலமை வேலைக்கு வெளிக்கிட முதல் எடுத்தன், அங்கை பின்னேரம். அதிபர் நல்ல மனிசி. நான் எந்த வருசம், எந்த விளையாட்டு இல்லம் எண்டெல்லாம் கேட்டவ. பழைய இடாப்புகள், பெயர்ப் பதிவுகள் ஒண்டும் இல்லைப் பிள்ளை, இடம்பெயர்வோட எல்லாம் போச்சு எண்டவ. பரவாயில்லை ரீச்சர், எனக்கு ஒரு கடிதம் மட்டும் காணும் எண்டு விசயத்தைச் சொன்னன்.

"இஞ்சை பாரும் பிள்ளை," எண்டவ. "உமக்கு எத்தினை கடிதம் வேணுமெண்டாலும் நான் தாறன். ஆனால் எங்கடை கல்லூரி கல்லூரி இல்லை எண்டு என்ரை கையால எழுதிக் கையெழுத்தும் வைச்சு நான் எப்பிடித் தாறது?"

"ரீச்சர், ஸ்கூல் எண்ட ஒரு சொல்லு எங்கையாவது போட்டால் காணும்."

"ஸ்கூல் எண்டது எங்களுக்கு முந்தின தரம். வெள்ளைக்காரன்ரை காலத்திலயே எங்களைக் கல்லூரியாத் தரம் உயர்த்தினது. உந்தக் கடிதம் வெளியில வந்தால் பக்கத்துப் பள்ளிக்கூடக்காரர் என்னை உரிச்சுப்போடுவினம். பழைய மாணவியர் சங்கம் சும்மா விடுமோ?"

அந்தச் சங்கத்தின்ரை ரொறன்ரோக் கிளைக்கு நான் வருசா வருசம் டின்னர் ரிக்கெற் வாங்கிறனான். மேடையில ஏறிக் கல்லூரிக் கீதமும் பாடினனான். மனிசியோட என்னத்தைச் சண்டை பிடிக்கிறது? அவ சொல்லுறது எனக்கு விளங்கிச்சு. அவவின்ரை இடத்தில நான் இருந்தாலும் எழுதியிருக்கமாட்டன். அதுதான் எனக்கு இன்னும் விசரைக் கிளப்பினது.

கடைசியா ஒரு கடிதம் அனுப்பினவ, பொய் சொல்லக்கூடாது. நல்ல தடிச்ச தாளில, முத்திரை குத்தி, இங்கிலிசில. எங்கடை கொலிஜ் நூறாண்டு கடந்த பாரம்பரியம் உள்ளது, மாகாணத்தின்ரை முன்னணிக் கொலிஜுகளில ஒண்டு, இந்த மாணவி அட்வான்ஸ்ட் லெவல் வரைக்கும் படிச்சுச் சித்தியடைஞ்சவர், நடத்தை மிக நன்று. ஒரு பக்கக் கடிதத்தில கொலிஜ் எண்ட சொல்லு ஒன்பது தரம். ஸ்கூல் எண்ட சொல்லு ஒரு தரம்கூட இல்லை.

கம்பஸ்காரர் அதை வாசிச்சிட்டு எழுதினவை, உயர்நிலைக் கொலிஜ் படிப்பு உறுதிப்படுத்தப்பட்டிருக்கு, இனிப் பாடவாரியான பெறுபேறுகளை அனுப்பவும். ஏஎல் எண்டதை என்னவோ மேல்படிப்பு எண்டு விளங்கிக்கொண்டினம். இடாப்பே அழிஞ்சு போச்சு எண்டு எழுதினன். அழிஞ்சதுக்கு ஆதாரம் அனுப்பட்டாம். என்ன ஆதாரம்? சண்டையில செல்லடிச்சவன் துண்டு எழுதித் தந்துபோட்டோ அடிச்சவன்? அந்தக் கதையைச் சொல்லி ஒருத்தரிட்டையும் இரக்கம் வாங்கக்கூடாது எண்டு இருபது வருசமா இருந்தனான். இந்த நாசமாப் போன கிரெடிற்றுக்காக அதையும் எழுத வைச்சாங்கள். எழுதினதுக்கும் ஒரு தானியங்கிப் பதில்தான் வந்தது, உங்கள் செய்தி கிடைத்தது, நன்றி எண்டு.

ஆவணி முடியுது. கோப்பு அசையேல்லை. ஃபோனில ஒருத்தி சொன்னாள், நீங்கள் முதலாம் வருசத்தில தொடங்குங்கோ, கோப்பைப் பேந்து பாக்கலாம். தொடங்காட்டில் கிடைச்ச இடமும் போகும். மனிசனிட்டைச் சொன்னன். ரெண்டு வருசத்துக்கு எண்டு ஒத்துக்கொண்ட மனிசன், விரலை மடக்கி நாலு எண்ணினதை நான் கண்டனான்.

செப்ரெம்பரில முதலாம் வருச வகுப்பில போய் இருந்தன். முதல் பாடம், சின்னப்பிள்ளையள் எப்பிடி விளையாடுகினம். விரிவுரையாளர் திரையில ஒரு படம் போட்டுக் காட்டுறார், பிள்ளை மரக்கட்டையளை வரிசையா அடுக்குது. ஏன் அடுக்குது எண்டு யாராவது சொல்லுங்கோ எண்டு கேக்கிறார். அண்டைக்குக் காலமைதான் டேகெயரில ஒரு பெடியன் அதே மாதிரி மரக்கட்டையால என்ரை நெத்தியில எறிஞ்சவன். வீங்கின நெத்தியோட இருந்து, முந்திப் படிச்சு, சோதினை எழுதி, ஏ எடுத்த அதே பாடத்தை முதலாம் வரியிலயிருந்து திருப்பி எழுதினன். பக்கத்தில இருந்த பிள்ளை என்னைப் பாத்து, நீங்கள் நல்லாக் குறிப்பு எடுக்கிறியள் எண்டாள். எடுக்காமல்?

அந்தப் பாடத்தோட இன்னொரு பாடமும் கிடந்தது. கிழமையில ஒரு காலமை டேகெயர் ஒண்டுக்குப் போய்ப் பயிற்சி எடுக்கவேணும். யார் எங்கை போறது எண்டு கம்பஸ்தான் பிரிச்சுப் போடும். அங்கை வேலை செய்யிற ஒருத்தர் மேற்பார்வை பாத்து, ஒவ்வொரு மாதமும் அறிக்கை எழுதிக் கையெழுத்து வைக்கவேணும். எனக்கு இது புதுசில்லை. எங்கடை டேகெயருக்கு வருசா வருசம் கம்பஸ் பிள்ளையள் வருவினம், அவையளுக்கு மேற்பார்வை பாத்துக் கையெழுத்து வைக்கிறது நான்தான்.

ஐப்பசியில ஒருநாள் எங்கடை டேகெயர் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டா. கயானாக்காரி, நல்ல சிரிப்புக்காரி. கையில ஒரு தாள். கம்பஸ் அனுப்பின பட்டியல் எண்டு சொல்லத் தொடங்கி, சிரிப்பில சொல்லி முடிக்க ஏலாமல் தாளை என்னட்டை நீட்டினா. வாங்கிப் பாத்தன். மாணவி எண்ட இடத்தில என்ரை பேர். மேற்பார்வையாளர் எண்ட இடத்திலும் என்ரை பேர்.

வீட்டு விலாசத்துக்குக் கிட்ட இருக்கிற டேகெயரைப் பாத்து மாணவியைப் போட்டிருக்கினம். போன வருசப் பட்டியலைப் பாத்து மேற்பார்வையாளரைப் போட்டிருக்கினம். ரெண்டு பேரும் ஒரே பேர் எண்டதைப் பாக்க அங்கை ஒரு மனிசர் இல்லை. அது போகட்டும். மேற்பார்வையாளரின்ரை தகுதி எண்ட இடத்தில கம்பஸே அச்சடிச்சு அனுப்பியிருக்கு: முன்பள்ளிக் கல்வி டிப்ளோமா, இரண்டு வருடம், சரிபார்க்கப்பட்டது.

சரிபார்க்கப்பட்டதாம். எனக்குக் காது மட்டுமில்லை, கழுத்து வரைக்கும் சுட்டுது. பொறுப்பாளர் என்ரை முகத்தைப் பாத்திட்டுச் சிரிப்பை நிப்பாட்டினா. பிழை போல, நான் கம்பஸுக்கு எழுதி மாத்திவிடுறன் எண்டா. வேண்டாம், நான் பாத்துக்கொள்ளுறன் எண்டு தாளை வாங்கிக்கொண்டு வந்தன்.

அந்த மாத அறிக்கையை ஒழுங்கா நிரப்பினன். மாணவி நேரத்துக்கு வந்தவரா? வந்தவர். பிள்ளையளோட பழகத் தெரியுமா? தெரியும். மேற்பார்வையாளரின்ரை குறிப்பு எண்ட பெட்டியில எழுதினன்: இந்த மாணவிக்கு இந்தப் பாடம் தேவையில்லை. அவ இதை ஆறு வருசமாச் செய்யிறா. உங்கடை கம்பஸ் பிள்ளையளுக்கு இதைப் பழக்கினதும் அவதான். கீழை மாணவியா ஒரு கையெழுத்து, மேற்பார்வையாளரா ஒரு கையெழுத்து. அனுப்பிப்போட்டன். மனிசன் கேள்விப்பட்டுத் தலையில கை வைச்சவர். "உம்மைக் கம்பஸால வெளியில கலைக்கப்போறாங்கள்," எண்டார். கலைக்கட்டும், நாலு வருசம் இருக்கிறதை விட அது சுகம் எண்டு சொன்னன்.

கலைக்கேல்லை. மூண்டாம் நாள் ஈமெயில் வந்தது. ஒரே ஆள் இரண்டு பொறுப்பிலும் இருக்க முடியாது. நீங்கள் மாணவியா, மேற்பார்வையாளரா எண்டு தயவுசெய்து உறுதிப்படுத்தவும்.

அடுத்த நாள் லீவு போட்டன். அந்த ஈமெயில், பட்டியல், அதிபரின்ரை கடிதம், என்ரை டிப்ளோமா, எல்லாத்தையும் ஒரு பைக்குள்ளை வைச்சுக்கொண்டு பஸ் ஏறினன். அலுவலகத்தில முக்கால் மணித்தியாலம் இருத்தி வைச்சினம். யன்னலுக்கு அங்கால ஒரு இளம் பெட்டை. அவளில எனக்குத் தனிப்பட்ட கோவம் ஒண்டும் இல்லை எண்டு எழுதத்தான் வந்தன். பொய். இருந்தது.

பட்டியலைத்தான் முதலில வைச்சன். இங்கிலிசில, ஒவ்வொரு சொல்லா, ஆறுதலாக் கதைச்சன். என்ரை டிப்ளோமாவைச் சரிபார்த்தது எண்டு இதில போட்டிருக்கிறது நீங்களோ? ஓம், நாங்கள்தான் எண்டாள். அப்ப அதே டிப்ளோமாவை மே மாசத்திலயிருந்து பாக்கமாட்டம் எண்டு நிக்கிறது ஆர்? அவள் கொம்பியூற்றரைத் தட்டினாள். அது வேற பிரிவு, உங்கடை மற்றக் கொலிஜ் படிப்பு இன்னும் உறுதியாகேல்லை எண்டாள்.

"அந்தக் கொலிஜில நான் சேர்ந்த வருசத்தை வாசியுங்கோ," எண்டன். வாசிச்சாள். "இப்ப நான் பிறந்த வருசத்தை வாசியுங்கோ." அதையும் வாசிச்சாள். பிறகு வாய்க்குள்ளை கழிச்சுப் பாத்தாள். திருப்பியும் ஒருக்கால் பாத்தாள்.

"அப்ப உங்களுக்கு ஐஞ்சு வயசு," எண்டாள்.

"ஓம். ஐஞ்சு வயசு."

சேர்ந்த வருசமும் பிறந்த வருசமும் ஒரே திரையில, ஒண்டுக்குக் கீழை ஒண்டா, தை மாசத்திலயிருந்து கிடந்திருக்கு. ஐஞ்சு வயசில தொடங்கிப் பதின்மூண்டு வருசம் கொலிஜ் படிச்சவள் எண்டு நம்பி எனக்குக் கடிதத்துக்கு மேல கடிதம் போட்டிருக்கினம், ஒருத்தனும் கழிச்சுப் பாக்கேல்லை. பெட்டை எழும்பி உள்ளுக்குப் போனாள். ஒரு பெரியவரோட வந்தாள். அவர் நிண்ட நிலையில குனிஞ்சு, திரையில யாழ்ப்பாணக் கொலிஜுக்கு நேரை ஒரு சின்னப் பெட்டியில இருந்த சரி அடையாளத்தை எடுத்துவிட்டார். ஒரே ஒரு தட்டு. கோப்பு அசைஞ்சுது. மன்னிப்பு ஒண்டும் கேக்கேல்லை, ஒரு நல்ல நாள் கிடைக்கட்டும் எண்டு சொல்லிப்போட்டுப் போனார்.

பெட்டை திரையை என்ரை பக்கம் திருப்பிக் காட்டினாள். ரெண்டு வருசக் கிரெடிற்றும் ஒவ்வொண்டா ஏறுது. மூண்டாம் வருசம் எண்டு வந்தது. எனக்குச் சந்தோசமா இருந்திருக்கவேணும். காதுதான் திருப்பிச் சுட்டுது. அப்ப அவள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, ஒரு சின்னப் பிரச்சினை இருக்கு எண்டாள். இந்தத் தவணை நீங்கள் படிக்கிற பாடங்களுக்குக் கிரெடிற் தரேலாதாம், கொம்பியூற்றர் விடுதில்லை. உங்களுக்குத் தெரியுமோ தெரியாது, நீங்கள் இந்தப் பாடங்களை முந்தியே படிச்சு முடிச்சிட்டியள், எண்டாள்.

அதுக்குப் பிறகு எனக்கு இங்கிலிஸ் வரேல்லை. விளங்கினால் விளங்கட்டும், விளங்காட்டிப் போகட்டும் எண்டு தமிழிலதான் சொன்னன்.

"அதைத்தானே பிள்ளை நான் மே மாசத்திலயிருந்து சொல்லிக்கொண்டு நிக்கிறன்."